ஃபோர் வீல் கேம்பர் வேன்: ஹைவேயில் உண்மையில் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?

#1 கொட்டகலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வேன் வாங்க முன் உங்கள் அனுபவத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம் என்று எழுதுகிறேன்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு மிற்சுபிஷி டெலிகா வேன் விலைக்கு வருகிறது. பழைய எல்300 வகை, 2.5 டர்போ டீசல், மெனுவல் கியர், ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுப்பது). பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, மடித்து விரிக்கும் கட்டில், சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், சாமான் பெட்டி இவ்வளவையும் பூட்டலாம் என்று யோசனை. அம்மாவுக்கு 68 வயது. பிறந்ததில் இருந்து மலையை விட்டு அதிகம் இறங்காதவர். திருக்கோணேஸ்வரம் பார்க்க வேண்டும் என்று பல வருடமாகக் கேட்கிறார். முழங்கால் வலியோடு பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம் உட்கார அவரால் முடியாது. படுத்துக்கொண்டு வரக்கூடிய வேன் ஒன்று இருந்தால் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று எல்லோரும் போய் வரலாம்.

ஃபோர் வீல் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீடு தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிறது. கடைசி மூன்று கிலோமீற்றர் கல் ரோடு. ஜூன், ஜூலை மழையில் சாதாரண வேன் இரண்டாவது வளைவிலேயே சறுக்கி நின்றுவிடும். கொழுந்து ஏற்றும் ட்ராக்டர் வந்து இழுத்த நாட்களும் உண்டு.

விற்பவர் ஹைவேயில் லீற்றருக்கு 14 ஓடும் என்கிறார். தரகர் 9 என்கிறார். 14க்கும் 9க்கும் நடுவில் என் மாதச் செலவே மாறிவிடுகிறது. இப்படியான வேனை மலையில் இருந்து கீழே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தவர்கள் யாராவது சரியாக அளந்திருக்கிறீர்களா?

#2 வெலிமடை_டொல்பின்

தம்பி, 14 வராது. அதை மனதில் இருந்து எடுத்துவிடுங்கள்.

நான் ஓட்டுவது டொயோட்டா ஹயஸ் டொல்பின் வேன், 5எல் எஞ்சின், டர்போ இல்லை, ஃபோர் வீலும் இல்லை. 11 வருடமாக ஹயர் ஓடுகிறேன். வெலிமடையில் இருந்து கொழும்புக்குப் போய் வந்தால் 10க்குக் கொஞ்சம் மேலே வரும். தெற்கு ஹைவேயில் 80இல் பிடித்தால் 12 வரை பார்த்திருக்கிறேன். 100இல் போனால் 10ஐத் தாண்டாது.

என் கருத்து, ஃபோர் வீல் வேண்டாம். முன் டிஃபரென்ஷியல், முன் சக்கரத்துக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டி, இன்னொரு ஷாஃப்ட் என்று எல்லாம் சும்மா சுமக்கும் இரும்பு. லீற்றருக்கு ஒன்றரை கிலோமீற்றர் குறையும். வீடு வரைக்கும் வேன் ஏறாவிட்டால் கீழே கோயிலடியில் நிறுத்திவிட்டு நடக்கலாம்.

#3 கொட்டகலைக்காரன்

அண்ணே, பதிலுக்கு நன்றி. நடக்கலாம், எனக்கு. அம்மாவுக்கு முடியாது. அவருக்காகத்தான் இந்த வேன்.

#4 மலைச்சாரல்

அண்ணா, நீங்கள் சொல்லும் அதே டெலிகாதான் எங்களிடம் இருக்கிறது. நானும் கணவரும் மாறி மாறி ஓட்டுகிறோம். இடம் நானுஓயா. பின்னால் கட்டில் பூட்டி ஐந்து வருடம் ஆகிறது.

நான் கொப்பி வைத்திருக்கிறேன். அதை எழுதத் தொடங்கிய காரணத்தையும் சொல்கிறேன். எரிபொருள் தட்டுப்பாட்டில், 2022 ஜூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் ஒட்டோ டீசல் (சாதாரண டீசல்) 460 ரூபாய்க்கு வந்ததும், அதற்குப் பிறகு கியூஆர் பங்கீட்டு முறையில் வேனுக்கு வாரம் 20 லீற்றர் என்று கொடுத்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நேரத்தில் என் மாமியாரை மாதம் ஒரு முறை கொழும்புக்கு மருந்துக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. போக வர 340 கிலோமீற்றர். 20 லீற்றரில் முடியவே முடியாது. இரண்டு வாரம் வேனை எடுக்காமல் தாங்கியில் சேர்த்து வைத்துத்தான் போவோம். நடுவழியில் நின்றுவிட்டால் டீசல் வாங்க வழியே கிடையாது. எவ்வளவு வேண்டும் என்பது அரை லீற்றர் பிசகாமல் தெரிந்தாக வேண்டும். அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். டீசல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் விடவில்லை.

இப்போது கணக்கு. நானுஓயாவில் முழுதாக நிரப்புவேன். ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்பில் இறங்கி அங்கே மறுபடி முழுதாக நிரப்புவேன். திரும்பி வந்து நானுஓயாவில் அதே எரிபொருள் ஷெட்டில் மீண்டும். பல பயணங்களின் நடுவான கணக்கு இதுதான்: இறங்க 170 கிலோமீற்றருக்கு 14 லீற்றர். ஏற அதே 170க்கு 21 லீற்றர். அதாவது கீழே போகும்போது 12க்குக் கொஞ்சம் மேல், மேலே வரும்போது 8.

அந்த 14 என்று சொன்னவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. தலவாக்கலையில் நிரப்பிக்கொண்டு கொழும்பு வரைக்கும் மெதுவாக இறங்கினால் அவருக்கு 13, 14 தெரிந்திருக்கலாம். திரும்பி வந்ததை அவர் அளக்கவில்லை.

இன்னொரு விஷயம். 12ஐயும் 8ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 10 என்று எடுக்காதீர்கள். மொத்தத் தூரத்தை மொத்த லீற்றரால் வகுக்க வேண்டும். 340ஐ 35ஆல் வகுத்தால் 9.7. இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையில் வித்தியாசம் கூடக் கூட இந்தப் பிழையும் கூடும். ஒருவர் இறங்க 14, ஏற 7 என்று வைத்துக்கொண்டால் 10.5 என்று சந்தோஷப்படுவார், உண்மையில் 9.3தான்.

#5 பண்டாரவளை_மாஸ்டர்

மலைச்சாரல் தங்கச்சியின் இலக்கங்களைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். ஏ.எல். (உயர்தர வகுப்பு) பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுப்பவன். மாணவர்களுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது.

நானுஓயா கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,600 மீற்றர். ஆட்கள், சாமான்கள், கட்டில் எல்லாம் சேர்த்து வேன் 2,200 கிலோ என்று எடுப்போம். அந்தப் பாரத்தை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் 2,200 × 9.8 × 1,600, அதாவது சுமார் 34.5 மெகாஜூல் வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் இருக்கிறது. ஆனால் அதில் முக்கால்வாசி சூடாகப் போய்விடும். பழைய டீசல் எஞ்சினில் சக்கரம் வரை வந்து சேர்வது 27 சதவீதம் என்று எடுத்தால் லீற்றருக்கு 9.7 மெகாஜூல். வகுத்துப் பாருங்கள், மூன்றரை லீற்றர். ரோட்டில் உருளுவதற்கும் காற்றைத் தள்ளுவதற்கும் போகும் டீசல் இதில் சேரவில்லை. மலைக்கு என்று தனியாகக் கட்ட வேண்டிய வரி இது.

இறங்கும்போது அதே உயரம் உங்களைத் தள்ளிவிடுகிறது. பிரேக்கில் வீணாக்காமல் இறங்கினால் அதே மூன்றரை லீற்றருக்குக் கிட்ட மிச்சம். அப்படியானால் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடையில் வித்தியாசம் 7 லீற்றர் வர வேண்டும். தங்கச்சியின் கொப்பியில் 21இல் 14 போனால் 7. தங்கச்சி, நீங்களும் உங்கள் கணவரும் எவ்வளவு நிதானமாக இறங்குகிறீர்கள் என்று இதிலேயே தெரிகிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குபவருக்கு இறக்கத்தில் 14 லீற்றர் போதாது, 16 லீற்றருக்கு மேல் போகும்.

கொட்டகலைத் தம்பிக்கு இதில் இருந்து ஒரு பயன் உண்டு. 100 கிலோ கூட ஏற்றினால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 160 மில்லிலீற்றர்தான் கூடும். கட்டிலுக்கும் அடுப்புக்கும் பயப்பட வேண்டாம். ஃபோர் வீலின் மேலதிக இரும்பும் அப்படித்தான். வெலிமடை அண்ணன் சொன்ன ஒன்றரை கிலோமீற்றர் வெறும் பாரத்தால் வராது.

#6 வெலிமடை_டொல்பின்

மாஸ்டர், கணக்கை மறுக்கவில்லை. ஆனால் என் மச்சானிடம் இதே டெலிகா இருந்தது. 8.5ஐத் தாண்டியதே இல்லை. அது ஏன்?

#7 ஹட்டன்_கராஜ்

அண்ணே, அதற்கு நான் பதில் சொல்கிறேன். இந்த வேன்களைத்தான் நாள் முழுக்கக் கழற்றிப் பூட்டுகிறேன்.

முதலில் ஃபோர் வீல் என்பதை ஒரே பெட்டியில் போடக் கூடாது. எல்300 டெலிகா பார்ட் டைம். லீவரைப் போட்டால்தான் முன் சக்கரம் இழுக்கும், மற்ற நேரம் பின் சக்கரம் மட்டும். அதற்குப் பிறகு வந்த டெலிகா ஸ்பேஸ் கியரில் சூப்பர் செலக்ட் முறை, அதில் முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் நடுவில் இருப்பதால் தார் ரோட்டிலும் ஃபோர் வீலில் ஓட்டலாம். டொயோட்டா ஹயஸ் கே.டி.எச். ஃபோர் வீல் எந்நேரமும் நான்கு சக்கரத்தோடும் தொடர்பில் இருக்கும், நடுவில் விஸ்கஸ் கப்ளிங். மூன்றும் மூன்று குணம். ஹைவேக் கணக்கும் அதன்படிதான்.

பார்ட் டைம் வேனில் டூ வீலில் ஓடும்போது முன் ஹப் (சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டும் பகுதி) விடுபட்டு முன் ஷாஃப்ட் சும்மா நிற்க வேண்டும். வயதான வேன்களில் ஹப் கிரீஸ் காய்ந்து பூட்டியபடியே இறுகிவிடும். ஓட்டுபவருக்குத் தெரியாது. முன் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் எல்லாம் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு வேன் போன வருடம் வந்தது. ஹப்பைக் கழற்றிக் கழுவிக் கிரீஸ் வைத்துக் கொடுத்தேன். 8.6 ஓடியது 9.2 ஆனது என்று உரிமையாளர் பிறகு சொன்னார். உங்கள் மச்சானின் வேனிலும் அதுவாக இருந்திருக்கலாம்.

இரண்டாவது டயர். நிறையப் பேர் டெலிகாவுக்கு 31 அங்குலத்தை மாட்டுகிறார்கள். கொம்பனி கொடுத்த 215/80 ஆர்15இன் விட்டம் சுமார் 725 மில்லிமீற்றர். 31 அங்குலம் என்றால் 787. 8 சதவீதத்துக்கும் மேல் பெரிது. சக்கரம் ஒரு சுற்றில் கூடத் தூரம் போகிறது, மீற்றருக்கு அது தெரியாது. மீற்றர்படி 7.4 என்று ஒருவர் கவலைப்படுவார், உண்மையில் 8 ஓடியிருக்கும். முள் 100 காட்டும்போது வேன் 108க்கு மேல் போகும் என்பதையும் மறக்கக் கூடாது, ஹைவேயில் உச்ச வேகம் 100. அதனால் மீற்றரை நம்பாமல் ரோட்டோரக் கிலோமீற்றர் கல்லையோ போனில் ஜிபிஎஸ்ஸையோ வைத்து ஒரு 50 கிலோமீற்றர் ஓடிப் பார்த்துத் திருத்தம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பார்ட் டைம் வேனை மழைக்கு என்று 4எச்சில் (ஃபோர் வீலில்) போட்டுவிட்டு றம்பொடை வளைவுகளில் இறங்குபவர்கள் இருக்கிறார்கள். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் சுற்றும். நடுவில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாததால் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். டீசலும் போகும், டயரும் தேயும், ட்ரான்ஸ்ஃபர் பெட்டியும் போகும். தம்பி, உங்கள் கல் ரோடு தொடங்கும் இடத்தில் போடுங்கள், தார் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

#8 எல்ல_கேம்பர்

நான் எல்லயில் இரண்டு கே.டி.எச். ஃபோர் வீலைக் கேம்பராக்கி வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறேன். 3.0 டீசல், ஒட்டோ கியர். வெல்லவாய, தணமல்வில வழியாக இறங்கி அம்பாந்தோட்டையில் தெற்கு ஹைவே ஏறுவது வழக்கம். அது 2020இல் அங்கு வரை நீண்டதில் இருந்து எங்கள் பயணத்தில் பாதி ஹைவேதான். அதனால் சமதரை எண் என்னிடம் நிறைய இருக்கிறது.

கூரையில் கூடாரம் இல்லாமல் 80இல்: 11.3. அதே வேன் 100இல்: 9.2. கூரைக் கூடாரம் பூட்டி 100இல்: 8.1. மூன்றும் ஒரே வேன், ஒரே ஓட்டுநர், ஒரே மாதம், ஏசி போட்டபடி. ஃபோர் வீலால் எவ்வளவு குறைகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கூடாரத்தால் எவ்வளவு குறைகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. இரண்டாவது வேனுக்குக் கூடாரமே பூட்டவில்லை, உள்ளேயே கட்டில் செய்துவிட்டேன்.

பயணிகள் தங்கள் நாட்டுக் கணக்கில் எழுதிவிட்டுப் போவார்கள். அதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவுஸ்திரேலியாக்காரர் 100 கிலோமீற்றருக்கு 12 லீற்றர் என்றால் நமக்கு 8.3. இங்கிலாந்துக்காரர் கலனுக்கு 28 மைல் என்றால் 9.9. அமெரிக்கர் அதே 28ஐச் சொன்னால் 11.9, ஏனென்றால் அவர்களுடைய கலன் சின்னது. இணையத்தில் டெலிகாவைப் பற்றி எழுதியிருப்பது பாதிக்கு மேல் இங்கிலாந்துக் கலன்.

#9 பண்டாரவளை_மாஸ்டர்

எல்லத் தம்பி சொன்னதுதான் மையமான விஷயம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 80இல் இருந்து 100க்குப் போனால் வேகம் 25 சதவீதம் கூடுகிறது, தடை 56 சதவீதம் கூடுகிறது. கார் என்றால் மூக்கு சரிந்திருக்கும். வேன் அலுமாரியைப் போல நேராக நிற்கிறது. அந்த அலுமாரிக்கு மேல் இன்னொரு பெட்டி வைத்தால் கேட்கவே வேண்டாம்.

யப்பான் கட்டலாக்கில் உள்ள எண்ணையும் யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். இந்தப் பழைய வேன்களுக்குப் போட்டது 10-15 மோட் பரிசோதனை. வேனை உருளைகளின் மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். உச்ச வேகம் 70, சராசரி வேகம் மணிக்கு 23க்கும் குறைவு. ஏற்றம் என்பதே அதில் இல்லை. 2011இல் இருந்து அந்த இடத்துக்கு வந்த ஜேசி08இலும் உச்சம் 82க்குக் கிட்டத்தான். நமது கடுகண்ணாவைக்கும் ஹப்புத்தளைக்கும் அந்த எண் சொல்ல ஒன்றும் இல்லை.

கூடவே இன்னொரு சின்ன விஷயம். டீசல் சூட்டில் விரியும், ஒரு பாகைக்குச் சுமார் 0.08 சதவீதம். 30 பாகையில் வாங்கும் 40 லீற்றருக்கும் 15 பாகையில் வாங்கும் 40 லீற்றருக்கும் இடையில் கிட்டத்தட்ட அரை லீற்றர் வித்தியாசம். ஷெட்டின் தாங்கி நிலத்துக்கு அடியில் இருப்பதால் நடைமுறையில் இவ்வளவு வராது. ஆனாலும் தங்கச்சி செய்வது போல ஒரே ஷெட்டில் தொடங்கி அதே ஷெட்டில் முடித்தால் இந்தத் தொல்லையும் அடிபட்டுவிடும், உயரத்தின் கணக்கும் அடிபட்டுவிடும். புறப்பட்ட உயரத்துக்கே திரும்பி வராத எந்த அளவையும் நான் அளவாக எடுக்க மாட்டேன்.

#10 லிந்துலை_பையன்

நான் ஒரு வழி சொல்லட்டுமா? நானுஓயாவில் இருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் செய்கிறார்கள். சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுவார்கள்.

#11 ஹட்டன்_கராஜ்

தம்பி, தயவு செய்து செய்யாதீர்கள். உங்களை எனக்குத் தெரியாது, ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்.

டீசல் எஞ்சினில் கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, ஒரு சொட்டு தேவையில்லை. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தானாக ஓட வேண்டும், அதற்கு மணிக்கு அரை லீற்றருக்கு மேல் குடிக்கும். அதாவது நியூட்ரலில் மிச்சம் இல்லை, செலவு. எஞ்சினை நிறுத்தினால் வேக்குவம் பம்பும் நின்றுவிடும். டீசல் வேன்களில் அது ஒல்டனேட்டரோடு சேர்ந்திருக்கிறது. இரண்டு மூன்று தடவை மிதித்த பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று என் அப்பா சொல்லிக்கொடுத்தார். அவர் தோட்டத்து லொறி ஓட்டியவர்.

#12 மலைச்சாரல்

நானும் சேர்த்துச் சொல்கிறேன். றதல்லைக் குறுக்குப் பாதையில் 2023 ஜனவரியில் ஒரே விபத்தில் ஏழு பேர் போனார்கள். எங்கள் வீட்டில் இருந்து அது தூரம் இல்லை. அன்றிரவு எங்கள் பக்கம் ஒரு வீட்டிலும் தூங்கவில்லை. இறக்கத்தில் பிரேக் என்பது உயிர். எங்கள் 14 லீற்றரும் இரண்டாம், மூன்றாம் கியரில் இறங்கி வந்த 14 லீற்றர்தான். மிச்சம் பிடிக்க நியூட்ரல் தேவையே இல்லை, தம்பி.

#13 லிந்துலை_பையன்

சரி அக்கா, சரி அண்ணே. கியரில் இருந்தால் டீசல் போகாது என்பது எனக்குத் தெரியாது. இனிச் செய்ய மாட்டேன்.

#14 வெலிமடை_டொல்பின்

இது நல்ல பதில். என்னோடு ஓடும் பையன்களுக்கும் காட்டினேன்.

டர்போவைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 80 சதவீதம்தான். என் 5எல் டர்போ இல்லாத எஞ்சின். காற்று குறைகிறது, நான் மிதிக்கும் டீசல் குறைவதில்லை, எரியாத டீசல் கரும்புகையாகப் போகிறது. ஹக்கல தாண்டி ஏறும்போது கண்ணாடியில் பார்ப்பேன், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குப் பாவமாக இருக்கும். அங்கே காலைப் பாதியில் வைத்து, ஒரு கியர் குறைத்து ஏறினால் நேரம் இரண்டு நிமிடம்தான் கூடும், புகை நின்றுவிடும். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ உள்ள டெலிகாவுக்கு இந்தத் தொல்லை குறைவு. தம்பி பார்த்திருக்கும் வேனில் அது ஒரு நல்ல விஷயம்.

ஆனால் என் முதல் கருத்தை முழுதாக விடவில்லை. வீட்டுக்கு முன் தார் ரோடு உள்ளவர் ஃபோர் வீல் வாங்க வேண்டாம். பாரத்துக்காக இல்லை, ஹப், சீல், ஷாஃப்ட் என்று பார்க்க வேண்டியது கூடும் என்பதற்காக. தம்பிக்குக் கல் ரோடு, அம்மா இருக்கிறார். அவருக்கு அது தேவை.

#15 ஹட்டன்_கராஜ்

தம்பி பார்த்த டெலிகாவில் இருப்பது 4டி56 எஞ்சின், அதை வாங்க முன் ஒன்று. நீண்ட ஏற்றத்தில் சூடாகிவிட்டால் இதன் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழும் பழக்கம் உண்டு. கினிகத்தேனையில் இருந்து ஹட்டன் வரை ஒரே மூச்சாக ஏற்றிப் பாருங்கள். முள் நடுவைத் தாண்டக் கூடாது. எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய்ப் படலம் இருக்கிறதா பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் குமிழி வந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும்.

#16 கொட்டகலைக்காரன்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏற்றிப் பார்க்கிறேன்.

#17 கொட்டகலைக்காரன்

நீண்ட நாளைக்குப் பிறகு வருகிறேன். வேனை வாங்கிவிட்டேன். கினிகத்தேனை ஏற்றத்தில் முள் அசையவில்லை. நீங்கள் சொன்ன மாதிரியே முன் ஹப் ஒரு பக்கம் இறுகியிருந்தது, ஹட்டன் அண்ணன் கழற்றிச் சரி செய்து தந்தார். டயர் 235/75 ஆர்15 மாட்டியிருக்கிறது. மீற்றரை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், 1 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவாகக் காட்டுகிறது.

சித்திரைப் புத்தாண்டு லீவில் திருகோணமலை போய் வந்தோம். ஹட்டனில் நிரப்பினேன். நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். போகும்போது ஐந்து பேர், கட்டில், அடுப்பு, 40 லீற்றர் தண்ணீர், அரிசி, பருப்பு என்று எல்லாம். கூரையில் ஒன்றும் ஏற்றவில்லை. தம்புள்ளைக்குப் பிறகு ரோடு நீட்டுக்குப் போகிறது. எல்லோரும் முந்திக்கொண்டு போனார்கள், நான் 70, 75ஐ விட்டுக் கூடவில்லை. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் யானை வரும் என்பதால் பொழுது சாய முன் தாண்டிவிட்டோம்.

அம்மா கண்டி வரை உட்கார்ந்து வந்தார். அதற்குப் பிறகு படுத்துவிட்டார். கந்தளாய்க் குளத்தடியில் நிறுத்தி எழுப்பினோம். இதுதான் கடலா என்று கேட்டார். குளம் என்றதும் இவ்வளவு பெரிதா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் காலை கோணேசர் கோயிலில், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். உச்சியில் நின்று கீழே அலையைப் பார்த்தபோது பேசவே இல்லை. இரண்டு இரவு நிலாவெளியில் வேனிலேயே தங்கினோம்.

இப்போது நீங்கள் காத்திருக்கும் எண். ஹட்டனில் அதே ஷெட், அதே பம்ப். மீற்றரில் 553, ஜிபிஎஸ்ஸில் 560 கிலோமீற்றர். போட்ட டீசல் எல்லாம் சேர்த்து 55.5 லீற்றர். 10.1.

இடையில் தம்புள்ளையில் இரு முறையும் நிரப்பியதால் அந்த நடுப்பகுதியையும் பிரித்துப் பார்த்தேன். தம்புள்ளையில் இருந்து திருகோணமலைக்குப் போய், அங்கே சுற்றி, மறுபடி தம்புள்ளைக்கு வந்தது மட்டும் 11.6. மாஸ்டர் சொன்ன மலை வரி மிச்சப் பாதியில் இருக்கிறது.

#18 பண்டாரவளை_மாஸ்டர்

தம்பி, 10.1ஐ விட அந்தப் பிரித்த கணக்குதான் எனக்குச் சந்தோஷம். தம்புள்ளையில் தொடங்கித் தம்புள்ளையில் முடிந்ததால் 11.6 உங்கள் வேனின் சமதரை எண். இனி எந்தப் பயணத்துக்கும் சமதரைத் தூரத்தை 11.6ஆல் வகுத்து, மலைப் பகுதியைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். மலைப் பகுதியை ஒரு முறை கண்டிக்கும் ஹட்டனுக்கும் இடையில் போய் வந்து அளந்தால் கணக்கு முழுமையாகும்.

#19 எல்ல_கேம்பர்

கூரையில் ஒன்றும் ஏற்றாததற்கு என் நன்றி. 75இல் பொறுமையாக ஓட்டியதற்கும்.

#20 கொட்டகலைக்காரன்

அம்மா அடுத்தது நல்லூர் என்கிறார். ஆவணிக்குள் போக வேண்டும். கண்டியில் இருந்து ஏ9 321 கிலோமீற்றர். மலைச்சாரல் தங்கச்சி போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏதாவது கவனிக்க வேண்டுமா?

#21 மலைச்சாரல்

இரண்டு தடவை போனோம் அண்ணா. தம்புள்ளை தாண்டினால் யாழ்ப்பாணம் வரை ஏற்றமே இல்லை, உங்கள் 11.6 நிச்சயம் வரும். வவுனியாவில் நிரப்புங்கள், அம்மாவுக்கும் இறங்கி நடக்க அது நல்ல இடம்.

டயர் காற்றை வீட்டிலேயே, விடியற்காலைக் குளிரில் பார்த்துவிடுங்கள். வவுனியா வெயிலில் மறுபடி பார்த்தால் மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். முதல் தடவை நாங்கள் பயந்து திறந்து விட்டோம், திரும்பி நானுஓயாவுக்கு வந்து பார்த்தால் நான்கும் மென்மையாகக் கிடந்தன, வரும் வழியில் லீற்றருக்கு அரைக் கிலோமீற்றர் குறைந்தும் இருந்தது. கூடினால் கூடட்டும், அப்படியே விடுங்கள். தண்ணீர் 40 லீற்றர் போதாது, 60 எடுங்கள்.